காய்ச்சலும் பாய்ச்சலும்

எங்கள் ஊர்ப்பக்கம் காய்ச்சல் என்றால் உடம்புக்கு வருவது மட்டும் இல்லை. வயலில் தண்ணீர் வைத்து, அது வற்றி, மண் லேசாகக் கீறல் விடும் வரைக்கும் சும்மா விட்டுவிட்டு, அப்புறம் மறுபடி தண்ணீர் வைப்பதற்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெயர். வேளாண்மைத் துறை கொடுக்கிற துண்டறிக்கையிலும் இதே பெயர்தான், வரப்பில் நிற்கிற பெரியவர்கள் வாயிலும் இதே பெயர்தான். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்த சொல். முப்பத்தெட்டு வயதில் ஒரு குறுவைக்கு, ஜூனில் தொடங்குகிற குறுகிய கால நெல்லுக்கு, நானே மண்வெட்டியோடு மடையில் நின்றபோதுதான் அது என்னவென்று புரிந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன், கொஞ்சம் நீளமாகவே போகும்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்கு (பேரோல்) பிரிவில் இருக்கிறேன். ஜூன் மாதம், நாற்றங்காலில் விதை விட்டுப் பத்து நாள் ஆகியிருக்கும், அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று மாதத்துக்கு வயலில் இறங்கக் கூடாது, மண்வெட்டி தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். நிலத்தைச் சும்மா போடலாம் என்றுகூட நினைத்தேன், ஆனால் நாற்று வளர்ந்து நிற்கிறது, அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

இதற்கு ஒன்றரை வருடம் முன்பு அம்மா போய்விட்டிருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் நான் லேப்டாப்பைத் திறந்தேன். அது மாதக் கடைசி, சம்பளம் போட வேண்டிய நேரம், யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானேதான் திறந்தேன். அன்றைக்குத் திறந்தது மூடவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய வேலையை எல்லாம் கேட்டு வாங்கிச் செய்தேன், சனிக்கிழமை எக்ஸெல் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை வீட்டை ஒழுங்குபடுத்துவது, இரவு தூக்கம் வரும் வரை போனில் எதையாவது பார்ப்பது. சுறுசுறுப்பான பெண் என்று அலுவலகத்தில் பெயர். பத்து நிமிடம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கு என்னவோ போல் ஆகிவிடும், எழுந்து பாத்திரத்தையாவது தேய்ப்பேன்.

ஊருக்கு வந்ததும் வயலையும் அப்படித்தான் நடத்தினேன். ஜூன் கடைசியில் நடவு முடிந்தது, நாற்று பச்சை பிடித்தது. எங்கள் மோட்டார் ஸ்டார்ட்டரில் ஆட்டோ என்று ஒரு சுவிட்ச் உண்டு, அதைப் போட்டுவிட்டால் த்ரீ பேஸ் கரண்ட் வரும்போது மோட்டார் தானாக ஓடும், போனால் நிற்கும், திரும்ப வந்தால் திரும்ப ஓடும். விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் கிடையாது, அதனால் யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. நானும் ஆட்டோவில் போட்டுவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் வயல் முழுக்க வரப்பு விளிம்பு வரை தண்ணீர், அதில் வானம் தெரியும், பயிர் முங்காமல் நிற்கும், எனக்கு அப்படி ஒரு நிம்மதி. தண்ணீர் நின்றால் நெல் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஜூலை நடுவில் பக்கத்து வயல் அண்ணன் ஒருநாள் வரப்பில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ளே இறங்கி ஒரு தூரை அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்தார். தண்ணீரில் அலசிவிட்டு என் கையில் கொடுத்தார். வேர் கறுப்பாக இருந்தது. முடி முடியாக, பாதி வழவழவென்று, விரலால் உருவினால் தோல் கழன்று வந்தது. அழுகின முட்டை நாற்றம். அப்புறம் அவர் வயலிலிருந்து ஒரு தூரைப் பிடுங்கிக் காட்டினார், அதில் புது வேர்கள் வெள்ளை வெளேர் என்று, பழையவை செம்மண் நிறத்தில், ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கின. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே பார்த்தால் இரண்டு பயிரும் ஒரே பச்சைதான்.

அவர் சொன்னது இதுதான்: "நெல்லு தண்ணிச் செடி இல்லம்மா. தண்ணியத் தாங்குற செடி. அவ்ளோதான்."

அப்புறம் நான் தேடிப் படித்ததிலும் இதுதான் இருந்தது. நெல்லின் தண்டுக்குள்ளேயே காற்றுக் குழல்கள் இருக்கின்றன, இலையிலிருந்து வேர் வரை அது காற்றை இறக்குகிறது, அதனால்தான் மற்ற பயிர் அழுகிற இடத்தில் இது நிற்கிறது. ஆனாலும் வாரக்கணக்கில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று தீர்ந்துபோகும், காற்றில்லாத மண்ணில் வாழ்கிற நுண்ணுயிர்கள் பெருகும், மீத்தேன் வரும், கந்தக நாற்றம் வரும், வேர் கறுக்கும். நடுநடுவே காயவிட்டால் மண் மூச்சு வாங்குகிறது, வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்குகிறது, தூர் நன்றாகக் கட்டுகிறது. தண்ணீரும் 30 சதவீதம் வரைக்கும் மிச்சமாகலாம், மீத்தேன் கிட்டத்தட்ட பாதியாகக் குறைகிறது என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமே சொல்கிறது.

அப்படியானால் நூற்றாண்டுக் கணக்காக ஏன் தண்ணீரைக் கட்டி வைக்கிறோம்? எனக்கு இதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. பதிலை அண்ணன் ஒரு வார்த்தையில் சொன்னார். களை. தண்ணீர் நின்றால் களை விதை முளைக்காது, முளைத்தாலும் மூச்சு முட்டிப் போய்விடும். நெல் தாங்கும், களை தாங்காது. நெல்லுக்குப் பிடிக்கும் என்று நிறுத்துகிற தண்ணீரில் பெரும்பங்கு களைக்குப் பயந்து நிறுத்துகிற தண்ணீர்தான்.

அன்று மாலை மோட்டார் கொட்டகைக்குப் போய் ஆட்டோவை அணைத்தேன்.

அண்ணன் வீட்டில் மிச்சம் கிடந்த பிவிசி குழாயில் ஒரு முழத்துக்குக் குறைவாக, 30 சென்டிமீட்டர் இருக்கும், வெட்டி, கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளை போட்டுக் கொடுத்தார். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பயிற்சிக்குப் போனபோது பார்த்தாராம். அதை வயலுக்குள் இறக்கி, துளை உள்ள பாகம் மண்ணுக்குள் போகிற மாதிரி அழுத்தி, உள்ளே இருக்கிற சேற்றைக் கையால் அள்ளிப் போட்டுவிட வேண்டும். மேல் தண்ணீர் வற்றின பிறகும் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்கு அடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். தரைமட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும் வரை பயப்பட வேண்டாம், அதற்குள் வேர் எடுத்துக்கொள்ளும். அந்த அளவு வந்ததும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வைத்துவிட்டு மறுபடி விட்டுவிட வேண்டும்.

கேட்பதற்கு எளிது. முதல் தடவை காயவிட்ட நாட்கள் எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தன என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை. இரண்டாம் நாள் தண்ணீர் திட்டுத் திட்டாக நின்றது. மூன்றாம் நாள் மண் வெளியே தெரிந்தது, நத்தை ஊர்ந்த கோடுகள், கொக்கின் கால் தடம். நாலாம் நாள் சேற்றின் பளபளப்பு போய் மங்கலானது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போய் நின்றேன், கை ஸ்டார்ட்டர் பக்கம் போகும், இழுத்துக்கொள்வேன். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், நான் போய்வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். ஐந்தாம் நாள் குனிந்து பார்த்தபோது இரண்டு தூருக்கு நடுவில் ஒரு தலைமுடி கிடப்பது போல ஒரு கோடு. கையால் எடுக்கப் பார்த்தேன், மண்ணில் விழுந்த கீறல். குழாய்க்குள் குச்சி விட்டு அளந்தால் சரியாக 15 சென்டிமீட்டர். அன்றைக்கு மடையைத் திறந்தபோது தண்ணீர் அந்தக் கோடுகளுக்குள் போகும்போது ஒரு சத்தம் கேட்டது, மெல்லிய சளப் சளப் என்று, குழந்தை பால் குடிக்கிற மாதிரி. ஆட்டோ போட்டிருந்த மூன்று வாரத்தில் ஒருநாள்கூட அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

ஆனால் அண்ணன் சொன்னபடியே களை வந்தது. காய விட்டால் வரத்தான் செய்யும். கோரை, குதிரைவாலிப் புல், அப்புறம் ஓரங்களில் ஆரைக்கீரை. கோனோ வீடரை, கையால் தள்ளுகிற களைக்கருவி அது, வரிசைக்கு நடுவே உருட்டினோம், மிச்சத்தைக் கையால் எடுக்க நாலு பேர் வந்தார்கள். அதில் ஒரு அக்கா, அம்மா காலத்திலிருந்தே எங்கள் வயலுக்கு வருபவர், வரப்போரமாக ஒரு கைப்பிடி ஆரைக்கீரையைப் பறித்து, நாலு இதழ் இலைகள், தண்டில் சேறு, என் முந்தானையில் போட்டார். "உங்கம்மா இருந்தா இதை விடுவாங்களா? களைக்காரங்களுக்கு முன்னாடி வந்து பறிச்சுக்கிட்டுப் போயிருவாங்க. பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைப்பாங்க, எனக்கும் ஒரு கிண்ணம் வரும்."

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. ஒன்றரை வருடமாக வராதது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகில் கை வைத்தார், பேசவில்லை, கையில் இருந்த சேறு என் சட்டையில் ஒட்டியது. மற்றவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவர்கூடத் திரும்பி என்ன என்று கேட்கவில்லை, அந்த மரியாதைக்கு நான் எப்போதும் நன்றியோடு இருப்பேன். ரொம்ப நேரம் கழித்து எழுந்து போய்க் கீரையை ஆய்ந்தேன். அன்று இரவு கூட்டு வைத்தேன், அம்மா கைப்பக்குவம் வரவில்லை, அப்பா ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றரை வருடமாக நான் செய்தது வேலை இல்லை, வெள்ளம் கட்டியது. எது முளைத்துவிடுமோ என்று பயந்து ஒரு நிமிடம்கூட மண் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டேன். மேலே பச்சையாகத்தான் இருந்தது. சும்மா உட்கார்ந்தால் கண்டதும் மனதில் வருகிறது என்று எத்தனையோ பேர் சொல்கிறார்கள், அதனால்தான் போனை எடுக்கிறேன், டிவியைப் போடுகிறேன் என்கிறார்கள். ஆமாம், வரும். மண்ணைக் காயவிட்டால் களை வருகிற மாதிரி அதுவும் வரத்தான் செய்யும், அதற்காக உட்காருவதே தப்பு என்று ஆகிவிடாது. வந்ததில் சிலதைப் பிடுங்க வேண்டும், சிலது ஆரைக்கீரையாக இருக்கும்.

இதற்கு நடுவே அப்பாவை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போனோம். எக்கோ எடுத்த இளம் டாக்டர் நல்ல பொறுமைசாலி, திரையில் துடிக்கிற இதயத்தைக் காட்டி விளக்கினார். நிமிடத்துக்கு 75 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. அதில் இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவதற்கு எடுத்துக்கொள்வது 0.3 விநாடிதான், மிச்சம் 0.5 விநாடி தளர்ந்து நிரம்புவதற்கு. வாழ்நாள் முழுக்க ஓயாமல் வேலை செய்கிறது என்று நாம் சொல்கிற உறுப்பு, வேலையைவிட அதிக நேரம் தளர்ந்திருக்கிறது. அதோடு நிற்கவில்லை. உடம்பு முழுவதுக்கும் ரத்தம் அனுப்புகிற அந்தத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் அந்தத் தளர்ந்த நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறதாம், சுருங்கும்போது அதன் சொந்தக் குழாய்களே நசுங்கிக்கிடக்கும் என்றார். துடிப்பு வேகமானால் முதலில் குறைவது இந்த ஓய்வு நேரம்தான், அதனால்தான் துடிப்பை நிதானப்படுத்த ஒரு மாத்திரை. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "காய்ச்சலும் பாய்ச்சலும்தாம்மா இதுவும்" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை, காய்ச்சல் இருக்கிறதா என்று அக்கறையோடு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இவ்வளவும் புரிந்த பிறகாவது நான் சரியாக நடந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு பெரிய தப்பு செய்தேன். ஜூலை மாதச் சம்பளத்தில் ஒரு பிழை வந்து, அதைத் திருத்தி, வரிப் பிடித்தத்தை 7ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டிய வேலை. காயப் போட்டிருந்தேன், காயட்டும் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டு வயல் பக்கமே மூன்று நாலு நாள் போகவில்லை. காய்கிறது என்ற ஒரு சமாதானம் வேறு. போய்ப் பார்த்தபோது பாளம் பாளமாக வெடித்திருந்தது. விரல் உள்ளே போகிற வெடிப்பு. இலை நுனிகள் சுருண்டு ஊசி மாதிரி நின்றன. மோட்டாரைப் போட்டால் தண்ணீர் பரவவே இல்லை, வருகிற தண்ணீரை எல்லாம் வெடிப்பு விழுங்கிக்கொண்டே இருந்தது, அன்று கரண்ட் இருந்த நேரம் முழுக்க ஓடியும் கால்வாசி வயல் நனையவில்லை.

அப்பாவை மெல்ல நடத்திக் கூட்டி வந்தேன். வரப்பில் நின்று பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். வெடிப்புக்குள் தன் கைத்தடியை விட்டு ஆழம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காயவிடுறதுன்னா மறந்துடுறது இல்லம்மா. காயறப்பத்தான் தினம் பார்க்கணும்."

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை தடவை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. ஏனென்றால் என்னுடைய ஓய்வு எல்லாம் அதுவரை மறதியாகத்தான் இருந்தது. வார நாள் முழுக்க ஓடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி வரைக்கும் தூங்குவது, வருடத்துக்கு ஒரு தடவை எங்காவது மலைக்குப் போய்ப் போனை அணைத்துவிட்டு நாலு நாள் கிடப்பது, திரும்பி வந்தால் முன்பைவிடக் களைப்பு. வெடித்த மண்ணில் ஊற்றின தண்ணீர் மாதிரி அது எங்கே போயிற்று என்றே தெரியாது. அம்மா அப்படி இருந்ததில்லை. மதியம் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பாத்திரம் கழுவும் முன்பு, "கொஞ்சம் கட்டையைச் சாய்க்கிறேன்" என்று திண்ணையில் வெறும் தரையில் முழங்கையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுப்பார். அரை மணி. தூங்கமாட்டார், கண் திறந்திருக்கும், தெருவில் யார் போகிறார்கள், எந்த மாடு கத்துகிறது, உலையில் எது கிடக்கிறது எல்லாம் தெரியும், ஆனால் எதற்கும் எழமாட்டார். அப்புறம் எழுந்து முடியை அள்ளி முடிந்துகொண்டால் இரவு பத்து வரை ஓட்டம். அதை ஓய்வு என்று நான் கணக்கிலேயே எடுத்ததில்லை, பாவம் அம்மாவுக்குத் தூங்கக்கூட நேரம் இல்லை என்றுதான் நினைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது பாதி உண்மைதான். நான் தைரியமாகக் காயவிட முடிந்தது எங்களிடம் போர்வெல் இருந்ததால். கீறல் விழுந்ததும் சுவிட்சைப் போட்டால் தண்ணீர் வரும் என்ற நிச்சயம் இருந்தது. ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பியிருக்கிற கடைமடைக்காரர் அப்படிக் காயவிடுவாரா? ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்குமா திறக்காதா என்பதே ஒவ்வொரு வருடமும் கேள்வி, 2024இல் திறந்ததே ஜூலை 28. திறந்த தண்ணீர் கல்லணை வந்து, கிளை ஆறு வாய்க்கால் எல்லாம் தாண்டிக் கடைசி மடைக்கு எப்போது வரும், முறை எத்தனை நாள் என்று தெரியாதவர், வந்த தண்ணீரை வரப்பை உயர்த்திக் கட்டித்தான் வைத்துக்கொள்வார். அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வராது. களை எடுக்க வந்த அக்காவுக்கு ஒருநாள் காய்ச்சல் என்றால் ஒருநாள் கூலி இல்லை. நிதானமாக இரு, அமைதியாக இரு என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு, அடுத்த தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லாதவரிடம் போய்க் காயவிடு என்று சொல்வதற்கு முன்னால் அந்த உத்தரவாதத்தைக் கொடுக்க வேண்டும். முன்பு அமாவாசை அன்று ஏர் பூட்டமாட்டார்கள், மாட்டுக்கு ஓய்வு, அதைச் சாக்காக வைத்து ஆளுக்கும் ஓய்வு. டிராக்டர் வந்த பிறகு அதுவும் போய்விட்டது.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் தொண்டைக்கதிர் வந்தது. தண்டு நடுவில் உருண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி. அப்பா கூப்பிட்டுச் சொன்னார், இனிமேல் காயவிடாதே, கதிர் வெளியே வந்து பூத்து முடிகிற வரைக்கும் ஒருநாள்கூட மண் தெரியக் கூடாது என்று. இந்தக் கட்டத்தில் வாட்டம் வந்தால் மணி பிடிக்காது, பதராகப் போகும். இவ்வளவு நாள் சொன்னதற்கு நேர் எதிர். நானும் கேள்வி கேட்கவில்லை, தினமும் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் வைத்தேன். ஆனால் அதே நாட்களில் அப்பா இன்னொன்றும் சொன்னார்: காலை ஒன்பது மணிக்கு மேல் மதியம் வரை வயலுக்குள் இறங்காதே, மருந்தும் வேண்டாம், எதுவும் வேண்டாம்.

ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். பத்து மணி வெயில். பச்சை நெல்லின் உமி இரண்டாகப் பிளந்து, உள்ளேயிருந்து நூல் மாதிரி காம்புகளில் வெளிர் மஞ்சளாக ஆறு துளிகள் தொங்குகின்றன. அரிசி எறும்பு அளவுகூட இல்லை. ஒரு காற்று அடித்தால் கதிரிலிருந்து தூள் பறப்பது தெரிகிறது. கொஞ்ச நேரம்தான், மதியத்துக்குள் உமி மூடிக்கொள்கிறது, காம்புகள் மட்டும் வெளியே காய்ந்து தொங்குகின்றன. மூடின பிறகு அந்தப் பூ மறுபடி திறப்பதில்லை, அதற்குள் நடந்ததுதான் நடந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். காலுக்குக் கீழே தண்ணீர் நிற்கிறது, மோட்டார் ஓடி ஓய்ந்திருக்கிறது, எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை, ஆனால் எழுந்து போகவும் மனமில்லை. கைபேசி வீட்டில் கிடந்தது. அம்மாவை நினைத்தேன், அழுகை வரவில்லை, சும்மா நினைத்தேன்.

அறுவடைக்குப் பத்து நாள் முன்பு மடையை வெட்டித் தண்ணீரை வடித்தோம். மாவுக்குப் பன்னிரண்டு மூட்டை வந்தது, வெடித்த பக்கம் மட்டும் ஒன்பதுதான். அந்த மூன்று மூட்டைக் கணக்கை நான் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது சென்னையில் இருக்கிறேன். சமநிலை என்று சொன்னால் தராசுத் தட்டு மாதிரி தினமும் பாதி வேலை பாதி ஓய்வு என்று நினைத்துக்கொண்டு அது நடக்கவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன், அதை விட்டுவிட்டேன். மாதத்தில் 25ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரைக்கும் எனக்குக் கதிர் வருகிற நேரம். அப்போது இரவு பத்து மணி வரைக்கும் உட்காருகிறேன், வருத்தம் இல்லாமல், யோகா செய்யவில்லையே, நடக்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சி இல்லாமல். பலர் ஒருநாள் விட்டுப்போனாலே எல்லாம் போச்சு என்று நினைக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 7ஆம் தேதி வரி கட்டி, 15ஆம் தேதிக்குள் பிஎஃப் கட்டி முடித்த பிறகு காயவிடுகிறேன். புது வேலை எதற்கும் கை தூக்குவதில்லை. மாலை ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறேன். சனிக்கிழமை வகுப்பை விட்டாயிற்று.

தினமும் மதியம் சாப்பிட்ட பிறகு, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில், பால்கனியில் பாயைக்கூட விரிக்காமல் வெறும் தரையில் கட்டையைச் சாய்க்கிறேன். போன் உள்ளே இருக்கும். கண்ணை மூடுவதில்லை. எதிர் மாடியில் துணி காய்கிறது, கீழே இஸ்திரிக்காரர் பெட்டியை வைக்கிற சத்தம், குக்கர் விசில், ஒரு காக்கா. முதல் ஐந்து நிமிடம் களைதான்: பதில் சொல்லாமல் விட்ட ஒரு அழைப்பு, வீட்டுக் கடன், அப்பாவின் அடுத்த பரிசோதனை, மேலாளர் சொன்ன ஒரு சொல். வரட்டும் என்று விடுகிறேன். சிலது தானாகவே போகிறது, சிலதை எழுந்ததும் செய்து முடிக்க வேண்டும் என்று தெரிகிறது. அப்புறம் ஒரு மாதிரி அடங்குகிறது. அம்மா அனேகமாகத் தினமும் வருகிறார்.

அப்பா இப்போது நன்றாக நடக்கிறார், குறுவைக்கு அடுத்த பயிரான தாளடிக்கு அவரே வயலைப் பார்த்துக்கொண்டார், மண்வெட்டிக்கு மட்டும் ஆள் வைத்திருக்கிறார். இரவு எட்டு மணிக்குப் போன் பண்ணுவார். சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால் கேட்பது, "இன்னைக்கு என்னம்மா, காய்ச்சலா பாய்ச்சலா?"

நேற்று, "காய்ச்சல்ப்பா" என்றேன்.

"பாத்துக்கிட்டியா?"

"பாத்தேம்ப்பா. இன்னும் கோடு விழல."

"சரி, அப்ப இருக்கட்டும்" என்று போனை வைத்தார்.